புறங்கையால் கடல் பார்க்கிறவர்

திரையில் ஒரு நீலப் புள்ளி வெள்ளையாக மாறுகிறது. அண்ணி நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, வலது புறங்கையை அந்தப் புள்ளியின் மேல் வைக்கிறார். காய்ச்சல் அடிக்கும் பிள்ளையின் நெற்றியில் வைத்துப் பார்ப்பார்களே, அப்படி. "மேல வந்தாச்சா? நல்லா இருக்கியா?" என்று மெல்லிய குரலில் கேட்கிறார். அதற்கப்புறம்தான் மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறார். அது தலைமேல்தான் இருக்கிறது.

புள்ளி என்பது ஒரு மிதவை. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான குழாய், உச்சியில் ஒரு கம்பி, அவ்வளவுதான். கப்பலிலிருந்து இறக்கிவிட்டால் அதுபாட்டுக்கு வெளிச்சம் எட்டாத ஆழத்துக்குப் போய்விடும். நீரோட்டம் இழுத்த இழுப்புக்கு அங்கே தூங்குகிற மாதிரி மிதந்துகொண்டிருக்கும். பத்து நாளைக்கு ஒருமுறை மெதுவாக மேலே வரும். வருகிற வழியெல்லாம் தண்ணீர் எவ்வளவு சூடு, எவ்வளவு உப்பு என்று பார்த்துக்கொண்டே வந்து, செயற்கைக்கோளிடம் ஒப்பித்துவிட்டு மறுபடி முழுகிவிடும். ஒப்பித்தது நிஜமா என்று பார்ப்பதுதான் தேசியக் கடல் கண்காணிப்பு மையத்தில் என் அண்ணிக்கு உத்தியோகம். நிஜம் என்றால் பச்சைக் கொடி, சந்தேகம் என்றால் மஞ்சள், பொய் என்றால் சிவப்பு. கொடி போட்ட எண்கள் உலகத்துக்கே போகும். எந்த நாட்டுக்காரரும் எடுத்துக்கொள்ளலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அவர் வேலை செய்யும் அறையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மூன்றாவது மாடி, எப்போதும் பாதி இறக்கிய திரைச்சீலை. ஜன்னலோரம் ஒரு செடி, சாகவும் மாட்டேன் வளரவும் மாட்டேன் என்று அடம் பிடித்துக்கொண்டு நிற்கிறது. குளிர்சாதனம் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்கும். சுவர் முழுக்க விரிந்த நீல வரைபடத்தில் நூற்றுக்கணக்கான புள்ளிகள் நகர்வதே தெரியாமல் நகரும். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதையே பார்த்தால் கண் சொக்கிவிடும். நான் ஒருமுறை குறட்டையே விட்டிருக்கிறேன். அண்ணி எழுப்பவில்லை. "நல்ல ஆழத்துக்குப் போயிட்டீங்க தம்பி, அதான் விட்டுட்டேன்" என்றார்.

கடலின் உப்பை இத்தனை துல்லியமாகப் பார்க்கிற மனுஷி சமையலில் உப்பே போடமாட்டார். போட மறந்துவிடுவார். எங்கள் வீட்டில் உப்புக் கிண்ணம் சாப்பாட்டு மேசையின் நிரந்தர உறுப்பினர். குறை சொன்னால், "அப்படியா? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்று நிஜமாகவே ஆச்சரியப்படுவார். நீச்சல் தெரியாது. துறைமுகத்தில் கட்டிப்போட்ட கப்பலில் ஏறினாலே தலை சுற்றும். கடற்கரைக்குப் போனால் காலை நனைக்காமல், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தூரத்தில் உட்கார்ந்திருப்பார். "இங்க இருக்கறது மேல்தண்ணி தம்பி. இதுக்குக் கீழ எவ்வளவு இருக்கு! ஒரு கிலோமீட்டர் கீழ போனா ஒரு சத்தம் கிடையாது. இன்னிக்கு அங்க இருக்கற தண்ணி, நம்ம தாத்தா காலத்துல எங்கயோ மேல வெயில்ல கெடந்த தண்ணி" என்பார். சொல்லும்போது கண் எங்கேயோ இருக்கும்.

பேச்சும் அப்படித்தான். குடை எங்கே அண்ணி என்று காலையில் கேட்டால், தெருமுனையில் நான் நனைந்துகொண்டிருக்கும்போது போனில் பதில் வரும்: "கதவுக்குப் பின்னாடி." எதுவும் அவரிடம் ஆழத்தில் கிடந்துதான் மேலே வரும். அவசரப்படுகிறவர்களுக்கு அவர் சரிப்பட்டு வரமாட்டார்.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த கணவர், என் அண்ணன், அவசரத்துக்கே பிறந்தவர். ஆராய்ச்சிக் கப்பலில் மேல்தளத் தொழில்நுட்பர். மிதவைகளைக் கயிற்றில் கட்டி, அலை பார்த்து, அலுங்காமல் கடலில் இறக்குவது அவர் வேலை. அவர் இறக்குவார், அண்ணி கரையில் உட்கார்ந்து அது பேசுவதைக் கேட்பார். இரண்டு பேருக்கும் பிள்ளைகள் இல்லை. "ஏன் இல்ல? கடல் பூரா நம்ம பிள்ளைங்கதான்!" என்று அண்ணன் உரக்கச் சொல்வார். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது.

போன வருடம் அண்ணன் ஓய்வு பெற்றார். கடைசிப் பயணத்தில் கடைசியாக இறக்கிய மிதவைக்குக் கடைக்குட்டி என்று பெயர் வைத்தார். அதை இறக்கும்போது கூட்டாளிகள் எடுத்த படம் பெரிதாகச் சட்டம் போட்டு எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. மாட்டியவர் அண்ணன். அவர் உயரத்துக்கு, அவர் பெருமையின் உயரத்துக்கும் சேர்த்து, வாசல் நிலைக்கு மேலே மாட்டிவிட்டார். கழுத்து வலிக்க அண்ணாந்தால்தான் தெரியும். "முப்பது வருஷ சர்வீஸு. என் கையால எறக்கினது ஒண்ணுகூடக் கெட்டதில்ல" என்று வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டுவார். பால்காரர் இதைப் பலமுறை கேட்டுவிட்டார் பாவம்.

கப்பலில் ஒரு வழக்கம் உண்டு. மிதவையின் உச்சியில் உப்பு பார்க்கிற கருவிக்குத் தண்ணீர் போய்வரும் துளைகள் இருக்கும். தூசி புகாமலிருக்க அவற்றுக்குக் குட்டிக் குட்டியாய் மூன்று கறுப்பு ரப்பர் மூடிகள் போட்டிருப்பார்கள். இறக்குவதற்கு முன் அவற்றைக் கழற்ற வேண்டும். கழற்றிய மூடிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மிதவை முழுகியதும் கையில் எடுத்து உயர்த்தி, "மூடி மூணும் இங்க!" என்று கத்துவார் அண்ணன். தளத்தில் இருப்பவர்கள் கைதட்டுவார்கள். அந்த மூடிகள் எங்கள் வீடு முழுக்க இருக்கின்றன. ஆடுகிற மேசைக்கால் அடியில், எண்ணெய்ப் புட்டியின் வாயில், என் பேனா ஒன்றின் பின்பக்கத்தில்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கடைக்குட்டி ஆரம்பத்திலிருந்தே சரியில்லை. சூடு சரியாகச் சொல்லும், ஆழம் சரியாகச் சொல்லும். உப்பில் மட்டும் உளறும். மற்ற மிதவை என்றால் அண்ணி எப்போதோ சிவப்புக் கொடி நட்டிருப்பார். இதற்கு மட்டும் மஞ்சள் போட்டு, போகப் போகத் தெளிந்துவிடும் என்று ஒரு வருடமாகக் காத்துக்கொண்டிருந்தார். கடைக்குட்டி என்றால் செல்லம் இல்லாமல் போகுமா?

அதற்கு முடிவு கட்டியவர், கடலுக்கு அந்தப்பக்கத்து நாட்டில் இதே வேலை பார்க்கிற, முனைவர் பட்டம் வாங்கிய ஒரு டாக்டரம்மா. இருவரும் நேரில் பார்த்ததே இல்லை. பல வருடமாகக் கடிதத்தில் மட்டும் சிநேகம். அவருடைய மிதவை ஒன்று கடைக்குட்டிக்குப் பக்கமாகவே போயிருக்கிறது. இரண்டும் ஒரே தண்ணீருக்கு வெவ்வேறு உப்பைச் சொல்கின்றன, வெள்ளிக்கிழமை இந்த ஆண்டின் தகவல் தொகுப்பு வெளியாகிறது, உங்களுடையதை நான் நம்பலாமா, நம்பக்கூடாதா என்று கேட்டிருந்தார். கேள்வி மரியாதையாகத்தான் இருந்தது. பதில்தான் அண்ணியிடம் இல்லை.

"வாய்ல பழைய தண்ணிய வச்சுக்கிட்டே பேசுது தம்பி" என்றார் அண்ணி. "முந்தி இருந்த எடத்துத் தண்ணிய இப்ப இருக்கற எடத்துல சொல்லுது. கனவு கண்டு பெனாத்தற மாதிரி. ஆனா ஏன்னு தெரியல. ஏன்னு தெரியலன்னா, அது சொல்ற எதையும் நம்பக்கூடாதுன்னு எழுதணும். சூடு சரியா சொல்லுதே, அதையும் சேத்துத்தான். சாம்பல் பட்டியல்ல போயிடும்." சாம்பல் பட்டியல் என்பது உலகத்தில் யாரும் காதுகொடுக்கக் கூடாத மிதவைகளின் பட்டியல். அதில் போன மிதவை அதன் பிறகும் மேலே வரும், பேசும், முழுகும். கேட்கத்தான் ஆள் இருக்காது.

இதை அன்று இரவுச் சாப்பாட்டில் அண்ணி அண்ணனிடம் சொன்னார். ஒன்றும் ஒளிக்கத் தெரியாதவர். அண்ணன் கரண்டியைக் கீழே வைத்தார்.

"என் பிள்ளையப் பொய்யன்னு ஊருக்கெல்லாம் எழுதப் போறியா?"

"பொய்யன்னு இல்லீங்க. ஏன் இப்படிச் சொல்லுதுன்னு தெரியல, அவ்வளவுதான்."

"நான் எறக்கினது. என் கையால. கெட்டுருச்சுன்னா செஞ்ச கம்பெனிக்காரன் சரியில்ல. நீ பாக்கற கம்ப்யூட்டர் சரியில்ல. எறக்கினவனச் சொல்லாத!"

"உங்கள யாருங்க சொன்னா?" என்று அண்ணி கேட்டார். அண்ணன் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடியில் என் அறைக்கு வந்துவிட்டார். கட்டில் அவருக்கு, தரை எனக்கு. அண்ணன் தம்பி பாசம் எல்லாம் புத்தகத்தில் படிக்க நன்றாக இருக்கும்.

யோசனை வந்தால் அண்ணி வீட்டைத் துடைப்பார். ஞாயிற்றுக்கிழமை ஸ்டூலைப் போட்டு ஏறி, அந்தப் படத்தைத் துடைக்க ஆரம்பித்தார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். என் கை மரத்துப்போயிற்று. கடைசியில் இறங்கி, "தம்பி, நீங்க கொஞ்சம் ஏறிப் பாருங்களேன்" என்றார்.

ஏறினேன். அண்ணன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறார். கண் கலங்கியிருக்கிறது. பக்கத்தில் கூட்டாளிகள் கத்துகிறார்கள். கயிற்றின் முனையில் கடைக்குட்டி தண்ணீரைத் தொடப்போகிறது. அதன் உச்சியில், மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கறுப்புப் புள்ளி. கழற்றாத மூடி.

ஸ்டூலிலிருந்து இறங்கத் தெரியாமல் நின்றேன். அத்தனை வருட அனுபவமும் ஒரு போட்டோவுக்குச் சிரித்த நேரத்தில் கோட்டை விட்டிருக்கிறது. தண்ணீர் உள்ளே சரியாகப் போகவில்லை, வரவில்லை. பிள்ளை வாயை அடைத்துக் கடலில் விட்டுவிட்டு, பிள்ளை சரியாகப் பேசவில்லை என்று சண்டை போட்டிருக்கிறோம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அண்ணனை நினைத்துப் பாவமாகவும் இருந்தது.

"இப்பவே போய்க் காட்டிடவா?" என்றேன்.

"வேண்டாம்." இந்தமுறை பதில் உடனே வந்தது. "காரணம் தெரிஞ்சிருச்சு, இனி கடைக்குட்டி பொழச்சுக்கும். உப்ப மட்டும் விட்டுடுங்க, சூட்ட நம்புங்கன்னு எழுதிடலாம். ஆனா நான் கண்டுபிடிச்சேன்னா அது அவர் தப்பு தம்பி. அவரே சொன்னா அது ஒரு தகவல்."

"அவர் சொல்லலன்னா?"

அண்ணி துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "வெள்ளிக்கிழம நானே எழுதிடுவேன். எழுதாம இருக்க முடியாது. எழுதினதுக்கு அப்புறம் அவர் எங்கூட எப்படிப் பேசுவாருன்னு நெனச்சாத்தான் பயமா இருக்கு."

அன்றிலிருந்து என் பாடு திண்டாட்டம். மாடியில் உறுமுகிறவருக்கும் கீழே மிதக்கிறவருக்கும் நடுவே நான் காபி சுமந்தேன். வாய் நுனிவரை வந்த விஷயத்தை விழுங்கி விழுங்கி எனக்கு அஜீரணமே வந்துவிட்டது. அண்ணனும் சரியாகத் தூங்கவில்லை. என் பேனாவைக் கையில் எடுத்து, அதன் பின்னால் இருக்கும் ரப்பர் மூடியைக் கழற்றுவார், போடுவார், கழற்றுவார்.

வியாழக்கிழமை அண்ணி சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனார். இது வாரம் தவறாமல் நடப்பதுதான், எப்போதும் நான்தான் கொண்டுபோவேன். அன்று அண்ணன் மாடியிலிருந்து இறங்கி வந்து டப்பாவைத் திறந்து, ஒரு வாய் எடுத்துப் பார்த்து, உப்பு போட்டு மூடினார். "நானும் வரேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டார். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கட்டடத்துப் பக்கமே அவர் போனதில்லை.

நாங்கள் அறைக்குள் நுழையும்போது அண்ணியின் புறங்கை திரையில் இருந்தது. மேலே வந்திருந்தது கடைக்குட்டி. எங்களைப் பார்த்தும் அண்ணி கையை எடுக்கவில்லை. அண்ணன் டப்பாவைப் பிடித்துக்கொண்டே அவர் பின்னால் போய் நின்றார். திரையில் இரண்டு கோடுகள். ஒன்று டாக்டரம்மாவின் மிதவை சொன்னது. ஆழத்திலிருந்து மேலே வரவர வளைந்து நெளிந்து அழகாக ஏறியது. மற்றது கடைக்குட்டி சொன்னது. அந்தக் கோடு ஒவ்வொரு வளைவுக்கும் பின்தங்கி, தூக்கக் கலக்கத்தில் நடக்கிறவர் மாதிரி தள்ளாடி வந்தது. அதற்குப் பக்கத்திலேயே சூட்டின் கோடுகள், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு, ஒரு பிசிறு இல்லாமல்.

அறையில் குளிர்சாதனத்தின் முனகல் மட்டும் இருந்தது. பாதி இறங்கிய திரைச்சீலை வழியாக வந்த வெளிச்சம் தரையில் தண்ணீர் மாதிரி அசைந்தது. அண்ணனும் அந்த நீலத்துக்குள் இறங்கிவிட்டார் போலிருந்தது.

"தண்ணி உள்ள போய் வரல" என்றார் கடைசியில். அவர் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதே இல்லை. "தேங்கி நிக்குது."

அண்ணி திரும்பவில்லை.

"அன்னிக்கு மூடிய ஒசத்திக் காட்டல நான். எல்லாரும் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. அப்புறமா பையில கைய விட்டா ரெண்டுதான் இருந்துச்சு. ஒண்ணு டெக்குல எங்கயோ விழுந்திருக்கும்னு நெனச்சேன்." டப்பாவை மேசையில் வைத்தார். "நெனைக்கல. அப்படி நெனச்சுக்கலாம்னு இருந்துட்டேன். ஒரு வருஷமா."

அண்ணி விசைப்பலகையை அருகே இழுத்து, காரணம் என்ற கட்டத்தைத் திறந்தார். 'உப்புக் கருவியின் மூடிகளில் ஒன்று கழற்றப்படாமல் இறக்கப்பட்டது. உப்பு அளவுகளைப் பயன்படுத்த வேண்டாம். வெப்பமும் ஆழமும் நம்பத்தக்கவை.' எழுதிவிட்டு விரலை எடுத்துக்கொண்டார்.

"எறக்கினவன் பேரு?" என்றார் அண்ணன்.

"அது கட்டாயமில்லீங்க."

"போடு. யாருக்காவது சந்தேகம் வந்தா யார்கிட்டக் கேப்பாங்க?"

அண்ணி போட்டார். உப்புக்குச் சிவப்பு, மற்ற இரண்டுக்கும் பச்சை. என் அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சாப்பிடு, ஆறிப்போகுது" என்றார். அது கிளம்பும்போதே ஆறிப்போயிருந்தது. அண்ணி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இன்னிக்கு என்னமோ நல்லா இருக்கே" என்றார்.

தொகுப்பு வெளியான மறுநாளே டாக்டரம்மாவின் பதில் வந்தது. கடைக்குட்டியின் சூட்டு அளவுகள் அத்தனையையும் எடுத்துக்கொண்டாராம். அதோடு விடவில்லை. காரணத்தைப் படித்ததும், தங்கள் கடலில் இதேபோல உளறிக்கொண்டிருக்கும் ஒரு மிதவை நினைவுக்கு வந்து, அதை இறக்கிய மாலுமியைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். அந்த மனிதர் "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாராம். அண்ணி இதைப் படித்துக் காட்டியதும் என் அண்ணன் தொடையில் தட்டிச் சிரித்தார். "அட, எனக்கு அங்க ஒரு பங்காளி இருக்கான்யா!" தலையணை கீழே போனது. எனக்குக் கட்டில் திரும்பக் கிடைத்தது.

ஆனாலும் படத்தைப் பார்க்க அவருக்குக் கூசியது. "அதக் கழட்டி உள்ள வச்சிரு. இனி யாருக்குக் காட்ட?" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அண்ணி ஸ்டூலைப் போட்டுப் படத்தை இறக்கினார். உள்ளே கொண்டுபோகவில்லை. செருப்பு விடுகிற இடத்துக்கு எதிர்ச்சுவரில் ஆணி அடிக்கச் சொன்னார். நான் உயரமாக அடிக்கப் போக, "இன்னும் கீழ. இன்னும் கீழ" என்று தன் கண்ணுக்கு நேராக அடிக்க வைத்தார். திரும்பி வந்த அண்ணன் அதைப் பார்த்தார். மூடி பளிச்சென்று தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

திங்கட்கிழமை காலை. அண்ணி வேலைக்குக் கிளம்பி, ஒரு காலில் செருப்பு மாட்டி, மறுகாலால் மற்றதைத் தேடிக்கொண்டிருந்தார். மறந்துபோன டப்பாவோடு அண்ணன் பின்னாலேயே வந்து நின்றார். செருப்பு கிடைத்தது. நிமிர்ந்த அண்ணி புறங்கையைப் படத்தில், கடைக்குட்டியின் அந்தக் கறுப்பு மூடியின் மேல், ஒரு நிமிடம் வைத்திருந்தார். பிறகு அதே கையைத் திருப்பாமல் எடுத்து, எட்டி, என் அண்ணனின் நெற்றியில் வைத்துப் பார்த்தார்.